சம்பளம் எந்த மேசையில் நிற்கிறது? அரசுப் பள்ளி ஊதியப் பட்டியலும் ஆசிரியர் சங்கங்களின் வேலையும்

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியருக்கு மாதத்தின் கடைசி வேலைநாளில் சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறிவிட வேண்டும். ஏறாவிட்டால் ஆசிரியர் அறையில் முதலில் எழும் பேச்சு, சம்பளச் செயலியைச் சொல்லி, "களஞ்சியம் மறுபடியும் மக்கர் பண்ணுது" என்பதுதான். சில மாதங்களில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் ஒரே பள்ளியில் மற்ற எல்லோருக்கும் வந்து ஒருவருக்கு மட்டும் வரவில்லை என்றால், காரணம் பெரும்பாலும் கணினியில் இல்லை. ஓர் ஆணையோ, ஒரு பதிவோ, ஓர் ஒப்புதலோ யாரோ ஒருவரின் மேசையில் நிற்கிறது. அது எந்த மேசை என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆசிரியர் சங்கங்களின் வட்டாரப் பொறுப்பாளர்கள் ஆண்டு முழுவதும் செய்துகொண்டிருப்பது இந்தத் தேடலைத்தான். ஊர்வலமும் உண்ணாவிரதமும் செய்தியாகின்றன. இது செய்தியாவதில்லை.

பில் போகும் பாதை

சம்பளப் பட்டியல் போடும் பொறுப்பு, பணம் பெற்று வழங்கும் அலுவலர் எனப்படும் டிடிஓ-வுக்கு உரியது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் தலைமை ஆசிரியரே டிடிஓ. தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு வட்டாரக் கல்வி அலுவலர். இந்த வேறுபாடு சின்னதாகத் தெரிந்தாலும் நடைமுறையில் பெரியது. மேல்நிலைப் பள்ளியில் ஒரு பதிவு விட்டுப்போனால் தலைமை ஆசிரியர் அறைக்குப் போய் அன்றே பேசிவிடலாம். ஒன்றியப் பள்ளி ஆசிரியரின் பில்லோ, ஒன்றியத்தில் உள்ள அத்தனை பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் சேர்த்து வட்டாரக் கல்வி அலுவலகத்தில் தயாராகிறது. அங்கே ஓர் உதவியாளர் பணியிடம் காலியாக இருந்தால் எல்லோருடைய வேலையும் இழுபடும். எழுத்தர் இல்லாத உயர்நிலைப் பள்ளிகளிலும் இதே கதைதான். கணினி தெரிந்த ஆசிரியர் ஒருவர் பாடவேளைக்கு இடையில் உட்கார்ந்து பில் போடுகிறார். பிழை நுழைவதற்கு இதைவிட வசதியான இடம் இல்லை.

பில் போடுவது ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மை அமைப்பில், அதாவது ஐஎஃப்எச்ஆர்எம்எஸ்-இல். ஊழியர் தன் சம்பளச் சீட்டைப் பார்க்கும் செயலிதான் களஞ்சியம். அமைப்பில் ஒருவர் பதிவிட வேண்டும், இன்னொருவர் சரிபார்க்க வேண்டும், டிடிஓ ஒப்புதல் தர வேண்டும். ஊதிய உயர்வு, விடுப்பு, புதிய பிடித்தம், மாறுதல் என்று அந்த மாதத்தின் மாற்றங்கள் எல்லாம் முதலில் இப்படி ஏற வேண்டும். அதற்குப் பிறகுதான் பேரோல் ரன், அதாவது எல்லோருடைய சம்பளத்தையும் அமைப்பு கணக்கிடும் ஓட்டம். ரன் முடிந்து வரும் வரைவுப் பட்டியலைப் போன மாதப் பட்டியலோடு பெயர் பெயராக ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பில் சார்நிலைக் கருவூலத்துக்குப் போக வேண்டும். அவசரத்தில் கைவிடப்படுவது இந்த ஒப்பீடுதான். கருவூலம் பணியிட அனுமதியையும் கணக்குத் தலைப்பையும் பார்த்து பில்லை அனுமதித்தால் பணம் மின்பரிமாற்றத்தில் வங்கிக்குப் போகிறது. ரன் ஓடிய பிறகு கண்டுபிடித்த பிழையைத் திருத்த, ஒன்று துணைப் பட்டியல் போட வேண்டும், இல்லையேல் அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டும். அதனால்தான் மாதத்தின் முதல் பத்து நாளில் சொல்லும் புகாருக்கும் கடைசி வாரத்தில் சொல்லும் புகாருக்கும் பலன் அவ்வளவு மாறுபடுகிறது.

மாறுதல் மாதம்

சம்பளம் அதிகம் நிற்பது கலந்தாய்வு முடிந்த கையோடு வரும் மாதத்தில். இடைநிலை ஆசிரியர் ஒருவர் ஓர் ஒன்றியத்திலிருந்து இன்னொரு ஒன்றியத்துக்கு மாறுதல் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 30 பிற்பகல் விடுவிக்கப்பட்டு, ஜூலை 1 முற்பகல் புதிய பள்ளியில் சேர்கிறார். காகிதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அமைப்பில் முடியவில்லை. பழைய அலுவலகம் அவரைக் கணினியிலும் விடுவிக்க வேண்டும். கடைசி ஊதியச் சான்று, அதாவது எல்பிசி தர வேண்டும். பணிப்பதிவேட்டை அனுப்ப வேண்டும். புதிய அலுவலகம் அவரைக் காலியாக உள்ள ஒரு பணியிட எண்ணில் உட்கார வைக்க வேண்டும். பழைய அலுவலகம் கணினியில் விடுவிக்கும் வரை புதிய அலுவலகத்தால் அவர் பெயரைத் தன் பில்லுக்குள் கொண்டுவர முடியாது. இருவருமே "எங்க பக்கம் முடிச்சாச்சு" என்று சொல்ல, ஜூலைச் சம்பளம் ஆகஸ்டோடு சேர்ந்துதான் வரும்.

இன்னும் சிக்கலானது பணிநிரவல். ஆகஸ்டு 1 மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியிட நிர்ணயம் செய்து, உபரி என்று கண்ட ஆசிரியரைத் தேவையுள்ள பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அங்கே ஏற்கெனவே காலிப் பணியிடம் இருந்தால் தொல்லை இல்லை. ஆசிரியரோடு பணியிடமும் சேர்ந்து போகிறது என்றால், அந்தப் பணியிடத்தைப் புதிய பள்ளியின் பெயரில் மாற்றும் தனி ஆணை வேண்டும், அது அமைப்பிலும் ஏற வேண்டும். ஆசிரியர் பாடம் நடத்தத் தொடங்கிவிடுவார், அவருடைய பணியிடம் பழைய பள்ளியிலேயே இருக்கும். இந்த நிலையில் தலைமை ஆசிரியரிடம் சண்டை போட்டுப் பயனில்லை, அவர் கையில் எதுவும் இல்லை. மனு மாவட்டக் கல்வி அலுவலருக்கும் துறையின் இயக்ககத்துக்கும் போக வேண்டும்.

சங்கப் பொறுப்பாளரிடம் போகும்போது நான்கு தாள்களின் நகல் இருந்தால் போதும்: மாறுதல் ஆணை, விடுவிப்பு ஆணை, பணியேற்பு அறிக்கை, கடைசியாக வந்த சம்பளச் சீட்டு. "சம்பளம் வரலை" என்ற வாய்ப்புகாரை வைத்துக்கொண்டு யாராலும் எந்த மேசையையும் தட்ட முடியாது.

ஆணை காலாவதியான பணியிடங்கள்

பள்ளிகள் தரம் உயர்த்தப்படும்போது உருவாக்கப்படும் பணியிடங்கள் பல, தற்காலிகப் பணியிடங்களாகவே அனுமதிக்கப்படுகின்றன. அவற்றில் இருப்பவர் முறைப்படி தேர்வாகி நியமிக்கப்பட்ட, காலமுறை ஊதியம் பெறும் ஆசிரியர்தான். தற்காலிகம் என்பது பணியிடத்துக்கு மட்டும். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை அரசு தொடர் நீட்டிப்பு ஆணை தர வேண்டும். அது தாமதமானால் கருவூலம் பில்லை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. அந்த இடைவெளியை அடைக்கத் துறை ஊதியக் கொடுப்பாணை என்று சில மாதங்களுக்கு மட்டும் ஓர் உத்தரவு போடும். ஆசிரியர்களின் வாட்ஸாப் குழுக்களில் "பே ஆர்டர் வந்தாச்சா?" என்று மாதக் கடைசியில் ஓடும் கேள்வி இதைப் பற்றியதுதான்.

இதில் தவறு செய்தவர் என்று பள்ளி மட்டத்தில் யாரும் இல்லை. நீட்டிப்பு முடியும் தேதி எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். அப்படியிருந்தும் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் வீட்டுக் கடன் தவணை வங்கியில் திரும்பிப் போகும் நிலைக்கு விடுவது நிர்வாகத்தின் பொறுப்பின்மை, வேறு சொல் இல்லை. இங்கே தனி மனு எடுபடாது. எந்த அரசாணையின்கீழ் வந்த பணியிடங்கள், மொத்தம் எத்தனை, எந்தெந்த மாவட்டம் என்று பட்டியலிட்டு, நீட்டிப்பு முடிவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே இயக்ககத்திலும் தலைமைச் செயலகத்திலும் கொடுக்கும் சங்கம்தான் உறுப்பினருக்கு உண்மையான உதவி செய்கிறது. சம்பளம் நின்ற பிறகு கண்டன அறிக்கை விடுவது அடுத்தபடிதான்.

பணமே வராத நிலையும் உண்டு. சமக்ர சிக்ஷா எனும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒன்றிய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு தர வேண்டும். 2024-25-க்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய ஒன்றியப் பங்கு சுமார் 2,152 கோடி ரூபாய். ஒன்றிய அரசின் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்பதால் முதல் தவணையான 573 கோடியே விடுவிக்கப்படவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் திட்டப் பணியாளர்களின் சம்பளம் உரிய நாளில் வரவில்லை, மாநில அரசு தன் நிதியிலிருந்து கொடுத்துச் சமாளிக்க வேண்டியதாயிற்று. 2025 மே மாதம் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கொள்கையில் யார் பக்கம் நியாயம் என்பது தனி விவாதம். அந்த விவாதம் முடியும்வரை மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியரும் வட்டார வள மையப் பயிற்றுநரும் பணயமாக நிற்கக் கூடாது என்பதைச் சங்கங்கள் சொன்னது சரிதான்.

அரசு உதவிபெறும் பள்ளிகளில் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. அங்கே நியமனத்தைச் செய்வது பள்ளி நிர்வாகம், சம்பள மானியம் தருவது அரசு. இடையில் கல்வி அலுவலரின் நியமன ஒப்புதல் வேண்டும். உபரி ஆசிரியர் இருக்கிறார், ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி இல்லை என்று ஒப்புதல் மறுக்கப்பட்டால், ஆசிரியர் வேலை பார்த்துக்கொண்டே ஆண்டுக்கணக்கில் சம்பளம் இல்லாமல் இருப்பார், கடைசியில் உயர் நீதிமன்றம்தான் வழி.

வந்த சம்பளம் சரியா?

நின்ற சம்பளம் உடனே தெரியும். குறைந்த சம்பளம் தெரியாது, அதுதான் அதிகம் தின்கிறது. புதிதாகச் சேர்ந்த இடைநிலை ஆசிரியரின் அடிப்படை ஊதியம் 20,600. அகவிலைப்படி 2025 ஜனவரி முதல் இருந்த 55 விழுக்காட்டில் 11,330. இரண்டும் சேர்த்து 31,930. ஆண்டு ஊதிய உயர்வு 3 விழுக்காடு, அடுத்த படி 21,200. அந்த உயர்வு பதிவாகாமல் போனால் மாதம் 600 ரூபாய் அடிப்படையும் 330 ரூபாய் அகவிலைப்படியுமாக 930 ரூபாய் போகிறது. ஓராண்டில் 11,160. பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் பிடிக்கும் 10 விழுக்காடும் 93 ரூபாய் குறைகிறது, அரசு சேர்க்க வேண்டிய அதே 93-ம் குறைகிறது. அடுத்த ஆண்டின் உயர்வு இந்தக் குறைந்த அடிப்படையிலிருந்தே கணக்காகும். ஐந்தாண்டு கழித்துக் கண்டுபிடித்தால் நிலுவைப் பட்டியல் போடுவதற்குள் இரண்டு மூன்று டிடிஓ-க்கள் மாறியிருப்பார்கள்.

தமிழ்நாட்டில் ஊதிய உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய காலாண்டுகளின் முதல் நாளில் வரும். உங்கள் காலாண்டு எது என்பதைத் தெரிந்துகொண்டு, அந்த மாதச் சம்பளச் சீட்டை மட்டுமாவது முந்தைய மாதச் சீட்டோடு வைத்துப் பாருங்கள். 10 ஆண்டு, 20 ஆண்டு முடியும்போது வரும் தேர்வு நிலை, சிறப்பு நிலை எனும் கூடுதல் ஊதிய நிலைகளுக்குக் கருத்துருவை நாமே கேட்டு அனுப்ப வைக்க வேண்டும், அமைப்பு தானாக நினைவூட்டித் தந்துவிடும் என்று இருக்கக் கூடாது.

பங்களிப்பு ஓய்வூதியக் கணக்கில் விடுபட்ட வரவு இன்னொரு பழைய நோய். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கும், ஆண்டுக் கணக்குத் தாளில் அந்த மாதம் வெற்றாக இருக்கும். கணக்கு எண் தவறு, துணைப் பட்டியலில் போட்ட மாதம், மாறுதல் இடைவெளி ஆகியவையே வழக்கமான காரணங்கள். விடுபட்ட மாதம், பில்லின் தொகை, கருவூல வவுச்சர் எண், தேதி ஆகியவற்றை டிடிஓ சான்றோடு அனுப்பினால் சரியாகும். வவுச்சர் எண் ஓராண்டுக்குள் எளிதில் கிடைக்கும். பதினைந்து ஆண்டு கழித்து, மூடப்பட்ட பள்ளியின் பதிவேட்டில் அதைத் தேடியவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

வருமான வரிப் பிடித்தம் இப்போது அமைப்பே கணக்கிட்டு மாதாமாதம் பிடிக்கிறது. எந்த வரி முறை என்று ஊழியர் தேர்ந்தெடுக்காவிட்டால் புதிய முறையாகவே எடுத்துக்கொள்ளும். வீட்டுக் கடன் வட்டியும் சேமிப்பும் அதிகம் உள்ளவருக்குப் பழைய முறை இலாபமாக இருக்கலாம். 2025-26-க்குப் புதிய முறையில் 75,000 ரூபாய் நிலைக்கழிவு போக, வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால் இடைநிலை ஆசிரியர்கள் பெரும்பாலானோருக்குப் பிடித்தமே வரக் கூடாது. பிடித்து அரசுக் கணக்கில் கட்டிவிட்ட வரியை டிடிஓ-வால் திருப்பித் தர முடியாது, வருமான வரிப் படிவம் தாக்கல் செய்துதான் வாங்க வேண்டும். அதற்கு டிடிஓ காலாண்டுதோறும், பிடித்த வரியின் கணக்கான 24க்யூ படிவம் சரியான பான் எண்ணோடு தாக்கல் செய்திருக்க வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம் வேறு. உங்கள் 26ஏஎஸ் அறிக்கையில் பிடித்தம் ஏறியிருக்கிறதா என்று காலாண்டுக்கு ஒருமுறை பாருங்கள். ஜூனில் படிவம் 16 வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் திருத்தம் செய்யவே மாதக்கணக்கில் ஆகும்.

தணிக்கை சொல்லிப் பிடிக்கும் பணம்

தணிக்கையாளர் வந்து, கூடுதல் கல்வித் தகுதிக்காக எட்டாண்டு முன்பு தந்த ஊக்க ஊதியம் தவறு, இத்தனை லட்சத்தைத் திருப்பிக் கட்டு என்று எழுதிவிட்டுப் போவார். ஓய்வுபெறும் மாதத்தில் இது வந்தால் ஆசிரியர் நிலைகுலைந்து போகிறார். இதற்கு உச்ச நீதிமன்றத்தின் பஞ்சாப் அரசு எதிர் ரஃபீக் மாசி தீர்ப்பு கைகொடுக்கும். 2014 டிசம்பர் 18 அன்று வந்த அந்தத் தீர்ப்பு, சி, டி பிரிவு ஊழியர், ஓய்வுபெற்றவர் அல்லது ஓராண்டுக்குள் ஓய்வுபெறப் போகிறவர், ஐந்தாண்டுக்கு மேலாகத் தவறாகக் கொடுக்கப்பட்டு வந்த தொகை முதலிய நிலைகளில் மீட்பு கூடாது என்கிறது. 2022-இல் கேரள ஆசிரியர் தாமஸ் டேனியல் வழக்கிலும் ஓய்வுக்குப் பிறகான மீட்பு ரத்தானது.

இரண்டு எச்சரிக்கை. ஆசிரியர்கள் எல்லோரும் சி பிரிவில் வருவதில்லை, ஆகவே முதல் நிபந்தனையை மட்டும் நம்பக் கூடாது. அடுத்தது, அதிகம் பெற்றால் திருப்பித் தருகிறேன் என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்தால் பாதுகாப்பு குறையும் என்று 2016-இல் ஜக்தேவ் சிங் வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஊதிய நிர்ணயத்தின்போது நீட்டும் தாள்களை வாசித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். மீட்பு ஆணைக்கு முன் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்ததா என்பதையும் பாருங்கள். வரவில்லை என்றால் அதுவே வழக்குக்கு வலுவான அடிப்படை.

சங்கத்தின் கையும் அதன் எல்லையும்

ஆசிரியர், தொழில் தகராறு சட்டத்தின்படி 'தொழிலாளி' அல்ல என்று 1988-இல் சுந்தராம்பாள் வழக்கில் தீர்ப்பானது. எனவே தொழிலாளர் நீதிமன்றம் என்ற வழி ஆசிரியருக்கு இல்லை. வேலைநிறுத்தத்தை அரசு ஊழியர் நடத்தை விதிகள் தடுக்கின்றன. 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் சுமார் 1.7 லட்சம் பேர் வேலைநீக்கம் செய்யப்பட்டதும், வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை அல்ல என்று ஆகஸ்டு 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் சொன்னதும் மூத்த ஆசிரியர்கள் மறக்காத வடு. அப்படியும் 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ ஒன்பது நாள் வேலைநிறுத்தம் நடத்தியது என்றால், வேறு வழிகள் எந்த அளவுக்கு அடைபட்டிருந்தன என்பது புரியும்.

ஆகவே அன்றாடம் பயன்படுவது மனுதான். சம்பளம் நின்றால் டிடிஓ-வுக்கு எழுத்தில் கொடுத்து, ஒப்புதல் பெற்ற நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் மாதாந்திர ஆசிரியர் குறைதீர் நாளில் சங்கம் வழியாக எழுப்புங்கள். கோப்பு எங்கே நிற்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். "எனக்குச் சம்பளம் ஏன் வரவில்லை" என்று கேட்காமல், "எனது இந்தத் தேதியிட்ட மனுவின் மீது எந்த அலுவலர், எந்தத் தேதியில், என்ன குறிப்பு எழுதினார், நகல் தருக" என்று கேட்க வேண்டும். காரணம் கேட்டால் தட்டிக்கழிக்கலாம், ஆவணம் கேட்டால் முடியாது. டிடிஓ மனுவின் நகல், குறைதீர் நாள் மனு, தகவல் சட்டப் பதில் ஆகிய மூன்று தாளும் கையில் இருந்தால் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு நிற்கும். ஆந்திர அரசு கொரோனா காலத்தில் தள்ளிவைத்த சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் 6 விழுக்காடு வட்டி தர வேண்டும் என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தாமதத்துக்கு வட்டி கேட்பது பேராசை அல்ல, மனுவிலேயே அதைச் சேர்த்துக் கேளுங்கள்.

பில்லில் எந்தப் பிழையும் இல்லாமலே சம்பளம் குறைவாக இருப்பவர்களும் இருக்கிறார்கள். 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்குப் பழைய அடிப்படையான 4,500-ஐ 1.86-ஆல் பெருக்கி 8,370 என நிர்ணயித்தார்கள். ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200. ஒரே வகுப்பு, ஒரே பாடம், ஒரு நாள் வித்தியாசத்தில் 3,170 ரூபாய் இடைவெளி. 2.57-ஆல் பெருக்கிய ஏழாவது ஊதியக் குழு அந்த இடைவெளியை 8,000-க்கு மேல் கொண்டுபோனது. இதை எந்த மேசையிலும் தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முடியாது, அரசு முடிவெடுக்க வேண்டும். இப்படிப் பாதிக்கப்பட்ட பதிவு மூப்பு ஆசிரியர்கள் சென்னையில் பள்ளிக் கல்வித் துறையின் டிபிஐ வளாகத்தில் 2022 டிசம்பரில் உண்ணாவிரதம் இருந்த பிறகுதான் இதை ஆராய மூவர் குழுவே அமைந்தது.

பகுதிநேர ஆசிரியர்களின் நிலை இதைவிடக் கடினம். ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் கற்பிக்க 2012-இல் 16,549 பேர் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்டார்கள். 2021-இல் 10,000, 2024-இல் 12,500. அகவிலைப்படி கிடையாது, ஆண்டு உயர்வு கிடையாது, மே மாதச் சம்பளமும் இல்லாமலே பத்தாண்டுக்கு மேல் ஓட்டினார்கள். பணி நிரந்தரம் 2021 தேர்தலில் திமுகவின் 181-ஆவது வாக்குறுதி. பெரிய சங்கங்களின் உறுப்பினர் பட்டியலில் இவர்கள் இல்லை, கோரிக்கைப் பட்டியலின் கடைசி வரிகளில்தான் வருகிறார்கள். காலமுறை ஊதியம் பெறுபவர்களின் சங்கங்கள் தங்கள் குறைதீர் மனுக்களில் அதே பள்ளியின் பகுதிநேர ஆசிரியர் பெயரையும் சேர்த்து எழுதத் தடை எதுவும் இல்லை. அடுத்த மாத மனுவிலிருந்தே தொடங்கலாம்.